ஓட்டுநர் பக்கத்து நிழல்

இரும்புலியூரில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு ஜெரோமுடையது. மேற்கு பார்த்த வாசல். சாப்பாட்டு வேளை கழிந்ததும் படியேறுகிற வெயில், பொழுது சாய்ந்தால்தான் இறங்கிப் போகும். அந்த வாசலில்தான் அவர் மனைவி செல்வமேரி மேசை போட்டு இட்லி மாவு விற்றாள்.

வெயில் காலத்தில் மாவு ஆளுக்காகக் காத்திருக்காது. வாங்க வருகிறவர்கள் வேலை முடிந்து வந்து சேர்வதற்குள் பொங்கிப் புளித்துவிடும். பாத்திரத்தை உள்ளே வைத்தும் விற்றுப் பார்த்தாள். வாசலில் பாத்திரம் தெரியவில்லை என்றால் மாவு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் அப்படியே திரும்பி, மெயின் ரோட்டில் பாக்கெட் மாவு வாங்கிப் போனார்கள். இந்தக் கோடை இப்படியே போனால் வாடிக்கை மொத்தமும் பாக்கெட்டுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலுக்கு ஒரு ஆனிங், நீட்டி மடக்குகிற துணிப் பந்தல், போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள்.

ஜெரோமுக்கும் ஆனிங் தேவைப்பட்டது. வீட்டுக்கு அல்ல, வண்டிக்கு. பல வருஷம் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்ந்தவர், பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, பின்னால் கேஸ் அடுப்பும் வைத்திருந்தார். அவர் அதைக் கேரவன் என்பார். தெருவில் அதற்கு ‘அந்த வண்டி’ என்று பெயர். சனிக்கிழமை கிளம்பி வேளாங்கண்ணி போய்வரும் குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பார்கள், வழியில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட நிழல் வேண்டும் என்பது அவர் கணக்கு.

இரண்டு வாங்க வசதி இல்லை. எனவே ஜெரோம் ஆராயத் தொடங்கினார். எதையும் ஆராயாமல் வாங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறுகிறவர்.

முடிச்சூர் சாலையில் ஆனிங் கடை வைத்திருந்த கிபாயத்துல்லா பொறுமைசாலி. வீட்டு ஆனிங்குக்குக் கால் கிடையாது, சுவரில் போல்ட் அடித்த மடக்குக் கைகள்தான் தாங்கும், துணி கனம், தூறலுக்கும் நிற்கும் என்றார். வண்டி ஆனிங் அப்படியில்லை. நீளப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் வெளியே வரும், முன்பக்கத்தில் இரண்டு கால்களை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். கால்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். காற்றடித்தால் சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் துணியை மறந்துவிடலாம்.

ஜெரோம் வீட்டுக்கு வந்து வண்டியை வாசலை ஒட்டி நிறுத்தி, சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். நிழல் எதுவரை விழும் என்று பார்த்தார். வண்டி ஆனிங்கை வாங்கினால், வண்டி வீட்டில் நிற்கும்போது வீட்டுக்கு நிழல், ரோட்டில் நிற்கும்போது ரோட்டில் நிழல். வீட்டு ஆனிங் வேளாங்கண்ணிக்கு வராது. இதைச் செல்வமேரியிடம் சொன்னபோது, வண்டி சனிக்கிழமை இருக்காதே, ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அன்றைக்குத்தானே மாவு போகும் என்று அவள் கேட்டாள். ஒரு நாள்தானே, சமாளிக்கலாம் என்றார் ஜெரோம். சமாளிக்கப் போவது யார் என்று அவள் கேட்கவில்லை.

மாட்டுகிற அன்று கிபாயத்துல்லா ஏணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“எந்தப் பக்கம்ணா? எல்லாரும் இடப்பக்கந்தான் போடுவாங்க.”

“எல்லாரும் என் சந்துல இல்ல பாய். நேரா உள்ள வந்தா வூடு வலப்பக்கம் கீது. வலப்பக்கமே போடுங்க.”

கிபாயத்துல்லா சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். கோடு போட்டு வைத்திருக்கிறவர்களோடு அவர் வாதம் செய்வதில்லை. வலப்பக்கமே மாட்டினார்.

அந்த வாரம் முழுக்க நன்றாக இருந்தது. வண்டியே பாதி வெயிலை மறைத்தது, மீதியைத் துணி பார்த்துக்கொண்டது. மாவு ஏழு மணிவரை புளிக்கவில்லை. செல்வமேரி மாவைக் கொஞ்சம் கூடுதலாக அரைத்தாள். ஜெரோம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ரத்தினபாயின் குடும்பம் ஏறியது. ரத்தினபாய் அவர்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டே நானூறு பேரை அதட்டக்கூடியவர். திண்டிவனம் தாண்டி, ஜெரோம் வண்டியை ரோட்டின் இடது ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். அடுப்பு இறங்கியது. பாய் விரிக்க எல்லோரும் இடப்பக்கம் இறங்கி நின்றார்கள். ஜெரோம் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போய்ச் சுற்ற ஆரம்பித்தார்.

இரண்டு முழம் துணி வெளியே வருவதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. அடுத்த லாரி விலகவில்லை, நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, இங்கே எதற்குப் பந்தல், யாருக்காவது கல்யாணமா என்று விசாரித்தார். ஜெரோம் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் துணியை அனுப்பினார்.

ரத்தினபாய் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஜெரோமு, நெழலு ரோட்டுக்கா?”

“வூட்டுக்கு அளவு எடுத்தது அக்கா.”

“அப்ப வூட்லயே சாப்ட்டு வந்திருக்கலாம்.”

குழம்பு வெயிலில் கொதித்தது. சாப்பிட்டவர்களும்தான். வேளாங்கண்ணியில் வண்டிகள் நெருக்கி அடித்து நின்றதால் அங்கேயும் பெட்டியைத் திறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஜெரோம் திரும்பியபோது செல்வமேரி வாசலில் பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாவு பாதிக்கு மேல் புளித்துப்போய்ச் சாக்கடைக்குப் போயிருந்தது. வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மூன்றாவதாக வாங்கிப் போன ஒரு அம்மா கொண்டுவரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

“சண்டை போட்டவங்க மறுபடி வருவாங்க. அந்தம்மா இனிமே வராது” என்றாள்.

ஜெரோம் லாரி விஷயத்தைச் சொன்னார். பெரும்பாலும் அப்படியே சொன்னார், கல்யாணத்தை மட்டும் விட்டுவிட்டார். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அப்ப அந்தத் துணி ரோட்டுக்கு ஆவாது.”

“ஆவாது.”

“செவுத்துல மாட்டுங்க.”

கிபாயத்துல்லா ஏணியோடு வந்தார். வண்டியை ஒருமுறை பார்த்தார், சந்தை ஒருமுறை பார்த்தார்.

“ரிவர்ஸ்ல உள்ள வந்திருந்தீங்கன்னா இடப்பக்கமே சரியா வந்திருக்கும்ணா.”

ஜெரோம் கையாலேயே காற்றில் வண்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாய்.”

“எனக்கே இப்பதான் தோணுது.”

இடப்பக்கம் மாற்றிவிடலாமா என்று ஜெரோம் மெல்ல ஆரம்பித்தார். செல்வமேரி சுவரில் இரண்டு இடத்தைக் கரித்துண்டால் குறித்துவிட்டு, டிரில்லிங் மிஷினுக்கு வயர் எங்கே என்று கிபாயத்துல்லாவைக் கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

மாட்டிய பிறகு கிபாயத்துல்லா முன்கால்கள் இரண்டையும் இடுப்பளவுக்கு மேல் கொஞ்சம் வைத்துத் தாழ்த்தினார். துணி சரிந்து, சாயங்கால வெயில் மேசைக்கு வராமல் தடுத்தது. வீட்டு ஆனிங்காக இருந்தால் இவ்வளவு தாழ்த்த முடியாது, கை அந்த அளவுக்கு மடங்காது என்று அவர் ஒப்புக்கொண்டார். வாங்க வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும். குனியட்டும் என்றாள் செல்வமேரி.

அடுத்த சனிக்கிழமை ஜெரோம் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். வண்டியின் வலப்பக்கத்தில் போல்ட் துளைகள் இருந்தன, அவற்றை எம்சீல் பசை வைத்து அடைத்திருந்தார். விழுப்புரம் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி, சமையல் நடக்கும்போது வீட்டுக்குப் போன் செய்தார். சாயங்காலம் மணி ஐந்தரை.

“மாவு எப்டி?”

“தீந்துடுச்சி. அந்தம்மா வந்துச்சி, ரெண்டு கிலோ.”

“எந்தம்மா?”

“திருப்பிக் குடுக்காத அம்மா. நீங்க எங்க நிக்கறீங்க?” என்று கேட்டாள்.

ஜெரோம் சுற்றிப் பார்த்தார்.

“வெயில்ல.”

“தலைல துண்டு போட்டுக்கோங்க” என்று சொல்லி, துணியைச் சுருட்ட வேண்டும், காற்று வருகிறது என்று போனை வைத்தாள்.