பாறைக்கு அடுத்த கிணறு

இல்ஹாம் பாறையின் உச்சியில் ஏறி நின்று கண்களை மூடிக்கொண்டார். கீழே காடு வெட்ட வந்திருந்த இரண்டு பேரும் கத்திகளைத் தோளில் சாய்த்தபடி அவரையே அண்ணாந்து பார்த்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் காலை வெய்யிலில், சப்பாத்துக் காலோடு, கறுத்த பாறையொன்றின் மேல் கண்மூடி நிற்பதை அவர்கள் முன்பு கண்டிருக்க வாய்ப்பில்லை.

"புரொபசர் எழும்பிப் பறக்கப்போறார் போல கிடக்கு. ஆராவது காலைப் பிடியுங்கோ," என்றார் கனகசுந்தரம்.

கமலாதேவி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அறுபதை நெருங்கும் வயதிலும் கனகசுந்தரம் அடங்கினார்.

இல்ஹாம் கண்ணைத் திறந்து வடக்கே கையை நீட்டினார். "இந்தப் பக்கம் வெட்டுங்கோ. முதல் பாறை வரும், பிறகு கிணறு வரும். கனதூரம் இல்லை."

குரலில் தயக்கமே இருக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். கிண்ணியாவில் பிறந்து, வாப்பா வேண்டாம் என்று தடுத்தும் விமானப்படையில் சேர்ந்து, சீனக்குடாத் தளத்திலிருந்து ஹெலிகொப்டர் ஓட்டியவர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் உடுப்பைக் கழற்றிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு ஒரே வாங்கில் இருந்து புவியியல் படித்தார். மேலிருந்து எடுத்த படங்களை வைத்து நிலத்தை வாசிக்கும் கலையில் கலாநிதிப் பட்டமும், பிறகு பேராசிரியர் பதவியும் வந்தன. வானத்தில் முடிவெடுக்க நேரம் கிடைக்காது; எடுத்த முடிவை எண்ணி வருந்தவும் நேரம் கிடைக்காது. அந்தப் பழக்கம் விரிவுரை மண்டபத்துக்கும் அவரோடு வந்திருந்தது. குறிப்புத் தாள் இல்லாமல் பேசுவார். மாணவர்கள் அவரை நம்பினார்கள். அவரும் தன்னை நம்பினார்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அவருடைய வீட்டுக்கும் கமலாதேவியின் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். வந்த நாளிலிருந்து அந்த மதிலுக்கு மேலால் கறிவேப்பிலையும் நோன்புக் கஞ்சியும் பொங்கலும் கைமாறியிருக்கின்றன. அவர் முன்பு என்ன தொழில் செய்தவர் என்பது கமலாதேவிக்குத் தெரியும். கமலாதேவியின் குடும்பம் போர்க்காலத்தில் திரியாய்க் கிராமத்தை விட்டு என்ன கோலத்தில் வெளிக்கிட்டது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசாமல் இருப்பதும் ஒரு அயல் உறவுதான். இரண்டு பேரும் அதைக் கவனமாகப் பேணிவந்தார்கள். போன கிழமை மட்டும் கமலாதேவி மதிலடிக்கு வராமல் படலையைத் திறந்துகொண்டு முன்வாசலுக்கே வந்தார்.

"தம்பி, அந்த நாளில நீங்கள் திரியாய்க்கு மேலால போனனீங்கள்தானே?"

"ஓம் அக்கா."

"எங்கட ஐயாட தோட்டக்காணி ஒரு பெரிய பாறையடியில. அதில ஒரு கட்டுக்கிணறு இருந்தது. கண்டிருப்பியளோ?"

கண்டிருந்தார். கேட்ட கணத்திலேயே அது நினைவில் வந்து நின்றது. மாரி முடிந்த மாதங்களில், வெறிச்சோடிக் கிடந்த பச்சைக்கு நடுவே ஒரு கறுத்த பாறை. அதைத் தாண்டியதும் வட்டமாய் ஒரு வெளிச்சம். முதல் முறை துப்பாக்கி வெளிச்சம் என்று நினைத்தார். அடுத்த முறைதான் விளிம்புவரை நீர் நிறைந்த கிணறு என்று கண்டார். பிறகு பாறை வரும்போதெல்லாம் அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். ஊரில் ஒருவரும் இல்லாத அந்த வருடங்களில் அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது உலகத்தில் தான் ஒருவன்தான் என்ற எண்ணம், அக்கா வந்துபோன அன்றிரவு, அவருக்கு ஒரு விதமான பெருமையைக்கூடத் தந்தது.

காணி இப்போது காடு. நாளைக்கு வனத் திணைக்களத்தார் அந்தப் பக்கம் எல்லைக்கல் நடப்போகிறார்கள். அதற்குள் மனிதர் இருந்து பயிர்செய்த அடையாளம் ஒன்றைக் காட்டினால் கல் காணிக்கு வெளியே போகும்; காட்டாவிட்டால் காணி காட்டோடு போய்விடும். நில அளவைக்கு வந்த சிந்துஜன் நல்ல பிள்ளை; "மூண்டு மணி மட்டும் நிற்பன் அன்ரி, அதுக்கு மேல என்னால ஏலாது," என்று முன்பே சொல்லியிருந்தான். சூரை முள்ளும் காரை முள்ளும் பின்னிக் கிடந்த பற்றையில் அந்த நேரத்துக்குள் பாறையின் ஒரு பக்கத்தைத்தான் வெட்ட முடியும். எந்தப் பக்கம் என்று அக்காவுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. கமலாதேவி சின்னப் பிள்ளையாய்ச் சோற்றுப் பெட்டியோடு வந்துபோனவர்; பிறகு காணி குத்தகைக்குப் போனதால் இரண்டு பேரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. "நான் அப்ப அம்மாட இடுப்பில," என்றார் கனகசுந்தரம். "இடுப்பில இருந்தவனுக்கு வடக்கென்ன, தெற்கென்ன."

உச்சிப்பொழுது வரை வடக்கே வெட்டினார்கள். அலவாங்குக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒரு புற்றும், ஒரு பழைய பாலை மரத்தின் உக்கிய அடியும் கிடைத்தன. இல்ஹாம் தானும் ஒரு கத்தியை வாங்கி வெட்டினார். சட்டைக் கை கிழிந்தது.

"புரொபசர், நீங்கள் கண்டது எங்கட கிணறுதானோ, இல்லாட்டி முல்லைத்தீவுக் கிணறோ?" என்றார் கனகசுந்தரம். பகிடியின் அடியில் கசப்பு இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சிந்துஜன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாறையின் நிழலில் கமலாதேவி போத்தல் தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். இல்ஹாம் பிழைவிட்டது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். முதல் பாறை, பிறகு கிணறு. அதில் சந்தேகமே இல்லை. சீனக்குடாவிலிருந்து கிளம்பினால் வடக்கு நோக்கித்தான் வர வேண்டும். அப்படியென்றால் கிணறு பாறைக்கு வடக்கே.

கமலாதேவி தன் கோப்பையைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இவ்வளவு தூரம் போவியள். போகேக்க கீழ என்னத்தைப் பார்த்துக்கொண்டு போவியள், தம்பி?"

"ஆக்களை."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. வெட்ட வந்தவர்களில் ஒருவன் குடிப்பதை நிறுத்தினான்.

"நாங்கள் இஞ்ச இருந்திருந்தால் எங்களையும் கண்டிருப்பியள்."

"ஓம் அக்கா. கண்டிருப்பன்."

கமலாதேவி குடிக்காத கோப்பையைப் பாறையில் வைத்தார். பற்றைக்குள் ஒரு குருவி கத்தி ஓய்ந்தது, மீண்டும் கத்தியது. அந்த அமைதியை எதைக் கொண்டும் நிரப்பக்கூடாது என்று இல்ஹாமுக்குத் தெரிந்திருந்தது. தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஆட்கள். ஆட்களைத் தவிர வேறொன்றுமில்லை. மரத்தடி அசைந்தால் அது ஆள், புகை எழுந்தால் அது ஆள். கிணற்றை இரசித்துக்கொண்டு போன ஒரு நாளும் இருந்ததில்லை. கிணறும் குளமும் மாடும் கண்ணில் படுவது வேலை முடிந்து, உடம்பு இளகி, வீடு திரும்பும்போது.

அவர் எழுந்தார். மாரி முடிந்த மாதங்களில் நடுப்பகல் சூரியன் தெற்கே சரிந்து நிற்கும். சூரியனை நோக்கிப் போகிறவனுக்குத்தான் நீர் பளிச்சிடும்; முதுகில் வெய்யிலோடு போகிறவனுக்கு அது கறுத்தே கிடக்கும். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அந்த வெளிச்சம் அவர் முகத்தில் அடித்திருந்தது. எல்லாப் பயணத்தையும் புறப்பட்ட இடத்திலிருந்தே நினைத்துப் பழகிய மூளை, அதையும் போகும் வழியில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

"அக்கா, நான் அந்தக் கிணத்தைக் கண்டது போகேக்க இல்லை. திரும்பி வரேக்க. தெற்குப் பக்கம் வெட்டுவம்."

கனகசுந்தரம் வாயைத் திறந்தார். கமலாதேவி கையை உயர்த்தித் தடுத்தார். இல்ஹாமை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கிழிந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

"வெட்டுங்கோ," என்றார் ஆட்களிடம். "அவர் சொல்ற பக்கம் வெட்டுங்கோ."

இம்முறை இல்ஹாம் கண்ணை மூடவில்லை. பாறையின் விளிம்பிலிருந்து ஒடுக்கமாக ஒரு கோடு காட்டினார். அதன் வழியே மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள். சிந்துஜனும் சட்டையைக் கழற்றி மரத்தில் கொழுவிவிட்டு, வெட்டிய முள்ளை இழுத்துப் போட்டான். வெய்யில் சாயத் தொடங்கியபோது முன்னால் போனவனின் அலவாங்கு மண்ணில் இறங்காமல் எகிறியது. அவன் இன்னொரு முறை குத்தினான். சீமெந்தின் சத்தம்.

ஒருவரும் கூக்குரலிடவில்லை. கனகசுந்தரம் அப்படியே குந்தியிருந்து இரண்டு கையாலும் சருகைத் தள்ளினார். வளைந்த கட்டு ஒன்று வெளியே வந்தது. தொட்டுத் தொட்டு அதன் வட்டத்தைச் சுற்றி வந்தார். சிந்துஜன் அளவைக் கருவியை நிலத்தில் நிறுத்தி இடத்தைக் குறித்துக்கொண்டு, "கல்லு இதுக்கு அங்கால போகும் அன்ரி," என்றான் மெதுவாக.

வாயை மூடியிருந்த கொடிகளை வெட்டி இழுத்தார்கள். ஈரமும் உக்கல் மணமும் மேலே வந்தன. கமலாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கிணற்றுக் கட்டின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார். நெடுநேரம் அப்படியே நின்றார். முதுகு அசையவில்லை.

இல்ஹாம் சற்றுத் தள்ளி, வெட்டிய பற்றைக்குள் நின்றார். பக்கத்தில் வர வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. போய்விட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கமலாதேவி நிமிராமலே, ஊன்றிய கையை எடுத்துக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்துக்கொண்டார். கால்களையும் நகர்த்தினார். கட்டின் ஓரத்தில், இன்னொருவர் வந்து குனியக்கூடிய அளவுக்கு, இடம் வெறுமையாய் இருந்தது.