ஏழாவது பிழை

சினிமாவில் எல்லோரும் கதாநாயகியைப் பார்ப்பார்கள். நான் அவள் எந்தக் கதவு வழியாக வந்தாள் என்று பார்ப்பேன். இடப்பக்கம் திரும்பி அடுக்களைக்குள் போனவள் அடுத்த காட்சியில் காப்பியோடு மாடிப்படி இறங்கி வந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பாறசாலையில் பஞ்சாயத்து அனுமதிக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகக் கதவும் ஜன்னலும் வரைகிறவனிடமா இந்த விளையாட்டு?

என் மனைவி புஷ்பபாய் என்னோடு தியேட்டருக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "படத்துக்கு வந்தா படத்தப் பாக்கணும். பாத்ரூம் எங்க இருக்குன்னு தேடப்பிடாது" என்பாள். தேடாமல் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் 'கதவு எங்கே?' என்று யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினேன். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, காட்சி காட்சியாகப் பார்த்து, அதில் வரும் வீட்டுக்கு பிளான் வரைவேன். பிறகு அப்படி ஒரு வீடு பூமியில் நிற்கவே முடியாது என்று நிரூபிப்பேன்.

முதல் நாற்பது வீடியோவை யாரும் சீண்டவில்லை. நாற்பத்தொன்றாவது, பதிமூன்று வருடம் முன்பு எங்கள் பக்கத்திலேயே எடுத்த ஒரு படம். பெயர் இப்போது எதற்கு? அதில் ஒன்பது பிழை கண்டுபிடித்திருந்தேன். பதினொரு நிமிட வீடியோ. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஏழாவது பிழைதான் எல்லோருக்கும் பிடித்தது.

அது இதுதான். படம் முழுக்க, வீட்டைப் பார்த்து நின்றால் அடுக்களை இடப்பக்கம், கிணறு வலப்பக்கம். கிணற்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி வாழை மறைத்துவிடும். ஆனால் கதாநாயகன் வாசலில் நின்று போன் பேசுகிற ஒரே ஒரு காட்சியில் அடுக்களை வலப்பக்கம், கிணறு இடப்பக்கம். கிணற்றை ஒட்டி ஒரு வழி, பின்னால் போகிறது. அதில் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு நடந்து போகிறாள்.

'இது வேறு வீடு' என்று வீடியோவில் அடித்துச் சொல்லியிருந்தேன். 'பூவார் பக்கம் எங்கேயோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். புல்லுக்கட்டோடு ஒரு துணை நடிகை வேறு. பாவம், வீடு மாறி வந்துவிட்டார்!' கீழே சிரிக்கிற முகங்களாகக் கொட்டியிருந்தார்கள்.

அந்த நிஜ வீடு, குளத்தூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். நான் போனதில்லை. போவானேன், படத்தில்தான் எல்லாம் இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்ட நேரம், ஒரு அம்மா வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் போன்.

"சாரே, வீட்டுப் படம் வரச்சு வீடியோ போடுகது நிங்களா?"

"நானாக்கும்."

ரசிகை என்று நினைத்துவிட்டேன். குடிக்கத் தேயிலை போடச் சொன்னேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்க பேரு விஜயம்மா. நிங்க சொன்னதுனால எங்களுக்க வழி போச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொன்னார்.

அந்தப் பட வீட்டுக்குப் பின்னால்தான் அவர் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிணற்றடி வழியாகத்தான் ரோட்டுக்குப் போயிருக்கிறார். கணவர் சதாசிவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸ். ஆட்டோ வீட்டு வாசல் வரை வந்துகொண்டிருந்தது. போன வருடம் பழைய உடமஸ்தர் இறந்தார், பிள்ளைகள் வீட்டை காட்டாக்கடை ஊரிலிருந்து வந்த தீபுவுக்கு விற்றார்கள். பத்திரத்தில் வழி இல்லை. மேற்கே ஓடைக்கரையில் பதினேழு படி ஏறினால் ரோடு உண்டே என்றார் தீபு.

பஞ்சாயத்து மெம்பர் முன்னால் பேச்சு நடந்தது. வழி உண்டு என்று சொன்ன இரண்டு அயல்வீட்டாரும் விஜயம்மாவின் சொந்தக்காரர்கள், அதனால் எடுபடவில்லை. மகள் லேகா போனில் அந்தப் படத்தில் வழி தெரிகிற காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். உடனே தீபு என் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டார்.

"பிளான் வரைக்க ஆளு அளந்து சொல்லுதாரு, இது பூவாரு வீடுன்னு. அதுக்கு மேல எனக்க பேச்சு எடுபடுமா சாரே? ஏழு நாளு ஆகல்ல, அடுத்த ஆழ்ச்சையே மதில் கெட்டியாச்சு. இப்போ ரெண்டு மாசமா ரெண்டு பேரு அவர பிளாஸ்டிக் கசேரியில இருத்தி அந்தப் படி வழியா சொமக்காவ."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் புத்தி வேறு மாதிரி. "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. அதுக்காக இல்லாத வழிய உண்டுன்னு நான் எப்பிடிச் சொல்லுகது? வாங்க, காட்டித் தாறேன்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தக் காட்சியைப் போட்டேன்.

"அந்தப் புல்லுக்கட்டு நானாக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"நம்பல்லியா? ஷூட்டிங்குகாரரு நிக்கச் சொன்னாவ. பசுவு நிக்குமா? நான் எனக்க பாட்டுக்கு நடந்தேன். அதையும் சேத்து எடுத்திற்றாவ."

முகத்தைப் புல் மறைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் நான்தான் என்று சொல்லலாம். அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இதென்னது, சேலைத் தலப்பு வலது தோளுல கெடக்கு? நான் ஒருநாளும் இப்பிடிப் போட்டது இல்லியே. ஊருல யாரு போடுவா?"

தேயிலையோடு வந்த புஷ்பபாய் குனிந்து பார்த்தாள். "போன் பேசுகவனுக்க சட்டையப் பாருங்க. பாக்கெட்டு வலது பக்கம் இருக்கு. பட்டனும் மாறிக் கெடக்கு. பதினெட்டு வருசம் உங்களுக்கு பட்டன் தச்சுத் தந்தவளாக்கும் நான்" என்றாள்.

படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினேன், கண்ணாடியில் பார்ப்பது போல. சேலைத் தலைப்பு இடது தோளுக்கு வந்தது. பாக்கெட் நெஞ்சின் இடப்பக்கம் வந்தது. அடுக்களை இடப்பக்கம், கிணறு வலப்பக்கம். கிணற்றுக்கு அப்பால், வாழை மறைத்த இடத்தில், வழி.

எடிட்டிங்கில் இப்படிச் செய்வது உண்டு. முந்தைய காட்சியில் நாயகன் எந்தப் பக்கம் பார்த்தானோ அதற்கு ஒத்துவரவில்லை என்றால் படத்தைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். எனக்கு இது தெரியாததா? இரண்டு படங்களில் கடிகார முள்ளையும் கடைப் பலகையையும் வைத்து நானே பிடித்திருக்கிறேன். இங்கே கடிகாரம் இல்லை, பலகை இல்லை. ஆட்கள்தான் இருந்தார்கள். ஆட்களை நான் பார்க்கவில்லை.

பிளானில் வைத்துப் பார்த்தேன். கிணற்றுக்கும் எல்லைக்கும் நடுவில் ஒன்பதடி. அச்சு மாறாமல் உட்கார்ந்தது.

வெட்கமாக இருந்தது, பெரிய வெட்கம். விஜயம்மா ஜெயித்த மாதிரி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தேயிலையைக் குடித்து முடித்து, "அப்போ அது நானாக்கும், இல்லியா சாரே?" என்று கேட்டார். அவர் அவர்தான் என்பதற்கு என் சம்மதம் தேவைப்பட்டது.

"நிங்கதாம்மா" என்றேன்.

அன்றைக்கே, ஏழாவது பிழை என்னுடையது என்று ஒரு வீடியோ போட்டேன். புதன்கிழமை வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். 'அண்ணனுக்கு வேற வேலை இல்லையா' என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய வீடியோ மட்டும் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பிளான நேருல கொண்டு குடுப்பீங்க, தப்ப மட்டும் போன்ல அனுப்புவீங்களா?" என்றாள் புஷ்பபாய்.

வியாழக்கிழமை லேப்டாப்பையும் பிளானையும் எடுத்துக்கொண்டு தீபுவின் வீட்டுக்குப் போனேன். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் நுழைகிறேன். கூடம், அடுக்களை, மாடிப்படி, எல்லாம் நான் வரைந்த இடத்தில்தான் இருந்தன. வேறொரு நாளாக இருந்தால் துள்ளியிருப்பேன். கிணற்றுக்கு அப்பால் பூசாத ஹாலோபிரிக்ஸ் மதில் என் உயரத்துக்கு நின்றது.

தீபு மருந்துக்கடைக்காரர், சாந்தமான ஆள். நான் சண்டைக்காரனை எதிர்பார்த்துப் போனேன். அவர் அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் பார்த்தார். சேலையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"ஞான் விஸ்வசிச்சு போயி சாரே. சார் அளந்து சொன்னதல்லே?" என்றார். "அந்த அம்மா அழுதப்போ அவங்க முன்னாலயே சாருக்க வீடியோவப் போட்டுக் காட்டினேன். அதில அவங்களத்தான் கேலி பண்ணுதீங்கன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றேன். அது ஒரு பதிலா?

"மதில நான் இடிச்சுப் பொளிக்கேன். சார் அத டிலீட் செய்யணும்."

கை உடனே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வீடியோவுக்கு யாரும் வரவில்லை, இதற்கு இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். கடைக்குப் போனால் 'கதவு எங்கே சார்' என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் ஒரு நொடி மனசில் ஓடியது. பிறகு அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போனபோது மதிலில் ஒன்பதடி இடித்திருந்தார்கள். ஆட்டோ ரிவர்ஸிலேயே கிணற்றடி வழியில் ஊர்ந்து விஜயம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றது. சதாசிவன் ஏற்கனவே புறப்பட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். மெலிந்த நெடிய மனிதர், தோளில் ஒரு டவல். நான் யார் என்று விஜயம்மா அவரிடம் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாசகம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"எத்தன பேரு பாத்தாவ மக்கா, அந்த வீடியோவ?"

"ரெண்டு லட்சம்."

அவர் மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாக எழுந்தார். ஆட்டோவுக்கு நான்கு எட்டுதான். நடந்தே போய் ஏறினார். உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு லட்சம் பேருல ஒருத்தன் கூட இவளப் பாக்கேல்ல, இல்லியா?"

நேரமாகிறது என்று சொல்லி விஜயம்மாவும் ஏறிக்கொண்டார். ஆட்டோ கிணற்றைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று.