யாரும் கை கொடுக்க வேண்டாம்

விழுந்தது பெரிய விஷயமே இல்லை. தன் லாண்டரிக் கடையில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, இரண்டு சலவை இயந்திரங்களுக்கு நடுவே பொத்தென்று விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்தபடி கிடந்தாள். பக்கத்து இயந்திரம் துணியை அலசி, பிழிந்து, வேலையை முடித்து மணியும் அடித்துவிட்டது. சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வந்த வாடிக்கையாளர்தான் கடைசியில் தூக்கி நிறுத்தினார். லாண்டரியம்மா என்று தெருவே மரியாதையாகக் கூப்பிடுகிறவள், யாரோ ஒருவர் தோளைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்! இடுப்பு வலி போய்விட்டது. அந்த வெட்கம் போகவில்லை.

மகனும் மகளும் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். கூடவே அவளுடைய தம்பி. அவனுக்குக் குடும்பத்தில் ஜட்ஜ் என்று பெயர். யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தால் வந்தது. கடையை விற்றுவிடுவது, மாடியில் அவள் இருக்கும் வீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது, அம்மா மகன் வீட்டுப் பின்னறைக்குப் போய்விடுவது என்று மூன்று பேரும் பேசி முடித்தார்கள். அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, ஊஹூம்!

"பாவம்மா நீ. இன்னும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவே?" என்றாள் மகள்.

பாவமாம்! புருஷன் போன பிறகு ஊர்த்துணியெல்லாம் துவைத்து இரண்டு பேரையும் ஆளாக்கியபோது யாருக்கும் தெரியாத பாவம், ஒரு நாள் வழுக்கியதும் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடைய விக்க மாட்டேன்."

"வீம்பு பண்ணாதேக்கா," என்றான் ஜட்ஜ். "எங்க, தரையில படுத்து, யார் கையையும் பிடிக்காம எழுந்திரு பாக்கலாம். எழுந்துட்டா கடைய நீயே வெச்சுக்கோ."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மூணு மாசம் குடுங்க. முடியலன்னா சாவிய நானே உங்க கையில தரேன்."

தெருக்கோடியில் பழைய கார் ஷெட் ஒன்றை ஜிம்மாக மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து மூட்டை மூட்டையாக வியர்வைத் துண்டுகள் அவள் லாண்டரிக்குத்தான் வரும். துண்டைத் தெரியுமே தவிர, இடத்துக்குள் அவள் போனதில்லை. நடத்துகிறவள் முன்பு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கியவள். குள்ளம்தான். ஆனால் எல்லோரும் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னக்கா, துண்டு பாக்கி இருக்கா?" என்றாள் கிரேன்.

"துண்டு இல்ல. தரையில இருந்து எழுந்திருக்கணும். கத்துக் குடு."

கிரேன் சிரிக்கவில்லை. ஒரு வெறும் இரும்புக் கம்பியைக் கட்டைகளின் மேல் வைத்து, குனிந்து தூக்கச் சொன்னாள். கம்பி முட்டி வரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. கை விட்டுப்போய்க் கம்பி டமாரென்று விழ, லாண்டரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு மூலையில் கடா மாதிரி இருந்த ஒருவன் தன்னுடைய கம்பியையும் அதே மாதிரி போட்டான். அவனையும் யாரும் பார்க்கவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, எழுந்து மறுபடி குனிந்தான்.

அவளுக்கு இது புதிதாக இருந்தது. பிள்ளைகளும் தம்பியும் வந்திருக்கும்போது கரண்டி கீழே விழுந்தால்கூட ஐயோ என்று மூன்று பேரும் ஓடி வருவார்கள்.

"இங்க முடியாம போறது தினம் நடக்கறதுக்கா," என்றாள் கிரேன். "முடியலன்னா கீழ வெச்சிடுங்க. மூச்சு வாங்குங்க. எங்க சறுக்குச்சுன்னு பாத்து மறுபடி எடுங்க. நீங்களா கூப்பிடற வரைக்கும் நான் தொட மாட்டேன்."

தொடவும் இல்லை, பாவி! முகம் சிவந்து, தொடை வெடவெடத்து, கண்ணில் தண்ணீர் முட்டினாலும் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பாளே தவிர விரல் படாது. முதலில் லாண்டரியம்மா அவளை மனதுக்குள் திட்டினாள். பிறகு அந்தத் தொடாத கைகள்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. வாரங்கள் போகப் போகக் கம்பியில் எடைத் தட்டுகள் ஏறின. முதுகு நிமிர்ந்தது. தரையில் படுத்து எழுவதையும் படிப்படியாகப் பழகினாள். ஈரப் படுதாக்களை ஒரே வீச்சில் தூக்கித் தொட்டியில் போட்டாள். மகன் போனில், "விலை பேச ஒரு ஆள் வந்திருக்கார்மா," என்றபோது முன்பானால் அழுதிருப்பாள். இப்போது, "சோதனை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

தவணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் வந்தார்கள். லாண்டரியம்மா நல்ல சேலை ஒன்றைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தாள். கம்பீரமாக இருக்கட்டுமே என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

விழுந்த அதே இடத்தில் மல்லாந்து படுத்தாள். ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றினாள். ஒரு முட்டி போட்டு, மறு காலை முன்னால் வைத்து எழப் போனாள். முட்டிக்குக் கீழே மாட்டிய சேலை இழுத்துவிட்டது. தடாலென்று பழையபடி தரைக்கு வந்தாள்.

"ஐயோ அம்மா!" என்று மகள் பாய்ந்தாள்.

"போதும் போதும், பாத்தாச்சு," என்றான் ஜட்ஜ். மகன் ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்தான்.

"தொடாதே!"

அந்தக் குரலுக்கு மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆள் செத்துப்போகல. மூச்சு வாங்கறேன்."

கூரையில் அதே ஈரக்கறை. அன்றைக்கு அதைப் பார்த்தபோது, ஐயோ யாராவது வரமாட்டார்களா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இன்றைக்கு வந்திருக்கிறார்கள், மூன்று பேர். யாரும் வேண்டாம் என்றிருந்தது. எங்கே சறுக்கியது? கால் சறுக்கவில்லை, சேலைதான். படுத்தபடியே கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். ஒருக்களித்து, முழங்கை, முட்டி, பாதம். தொடை நடுங்கியது. நடுங்கட்டும், அது தினம் நடுங்குவதுதான். நிமிர்ந்து நின்றாள்.

மகள் ஓவென்று அழுதாள். ஜட்ஜ் தொண்டையைச் செருமினான்.

"சரி, ஏதோ ஒரு தடவை அதிர்ஷ்டத்துல எழுந்துட்டே. அதுக்காக..."

லாண்டரியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தரையில் படுத்தாள். மறுபடி எழுந்தாள். கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

"இப்ப நீ படுடா."

"யாரு, நானா?" ஜட்ஜ் தன் தொந்தியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நான் எதுக்குக்கா?"

"நீ எழுந்திருக்கலன்னா உன் வீட்டுக்கு என்ன விலை வரும்னு கேக்கத்தான்."

மகன் போய்ச் சாவியை ஆணியிலேயே மாட்டினான்.