இடது தோள்

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த முகம்மது மீரான், மகன் வலப்பக்கம் வந்து குனிந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வேண்டாம்லே. அங்கன வா. அது பந்து போடுத கை."

ஆசிப் கட்டிலைச் சுற்றி வந்தான். ஐம்பத்தேழு நாளாக இதே கூத்துதான். உடைந்தது வலது இடுப்பு. உடைந்த பக்கம் நின்று தாங்கினால்தான் வலி குறையும் என்று பிசியோதெரபி பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் நின்றால் பாரம் முழுக்க ஆசிப்பின் இடது தோளில் விழும். அதற்கு மட்டும் வாப்பா சம்மதிக்கவே இல்லை. நல்ல பக்கம் நிற்கச் சொல்லி, அவன் வலது தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். கக்கூசுக்கு ஒன்பது எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் "யா அல்லா" என்பார்.

குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் பெட்டி சுமந்தவர். குளித்துவிட்டு வருகிறவர்கள் உடம்பிலிருந்து எண்ணெய் வழிந்து பாதையெல்லாம் வழுக்கும். முப்பது வருஷம் வழுக்காத கால், ஜூலையில் ஒருநாள் தலைச்சுமையோடு வழுக்கிவிட்டது. ஆசிப் அடித்துப்பிடித்து வந்தான். விமானம் ஏறிய நிமிஷத்திலிருந்தே நாளை எண்ணத் தொடங்கியிருந்தான்.

வளைகுடாவில் ஏசி குழாய் மாட்டுகிற வேலை அவனுக்கு. வெள்ளிக்கிழமை விடியற்காலம், வெயில் ஏறுமுன், மணல் கிரவுண்டில் பாய் விரித்து கிரிக்கெட் ஆடுவார்கள். இடது கை சுழற்பந்து. யாரோ பார்த்துச் சொல்லி, அந்த நாட்டு அணியின் பயிற்சிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து அங்கே குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். வருஷத்தில் அறுபது நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. இது மூன்றாவது வருஷம். ஜனவரியில் ஆசிய மண்டலத் தகுதிப் போட்டி. அவனுக்கு முப்பத்தாறு வயது. நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டால் இரண்டு நாள் மிச்சம் இருக்கும்.

"அந்த நாட்டுக்காரன் ஒருத்தனாவது உங்க டீம்ல இருக்கானாலே?" என்று வாப்பா முதல் வாரமே கேட்டிருந்தார்.

"ஒருத்தன் உண்டு. மேனேஜர்."

சிரித்தால் தையல் இழுக்கும். ஆனாலும் சிரித்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்மவன் இன்டர்நேஷனல் ஆடப் போறாம்லா" என்பார்.

உம்மா சைதூன் பீவிக்கு அவரைத் தூக்க வலுவில்லை. நாளை முதல் ஆசிப்பின் மனைவி ஜுஹைனாதான் தூக்கவேண்டும். மாமனாரை மருமகள் எப்படிக் குளிப்பாட்டுவாள் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. இன்னும் பத்து நாள் ஓட்டிவிட்டால் வாக்கரைப் பிடித்துத் தானே நடந்துவிடுவார் என்று பிசியோ பெண் சொன்னதையும் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஜுஹைனா பெட்டி அடுக்கும்போது, அடியில் ஆணி வைத்த அந்த வெள்ளை ஷூவைத் தூக்கிப் பார்த்து, "கப்பு ஜெயிச்சா அதுல என்னத்த வச்சுக் குடுப்பாங்க, பேரீச்சம்பழமா?" என்று மட்டும் கேட்டாள். ஆசிப் ஷூவை வாங்கிப் பெட்டிக்குள் செருகினான்.

பதினோரு மணிக்கு நாசர் கூப்பிட்டான். செங்கோட்டைக்காரன், அங்கே கிரிக்கெட் போர்டு ஆபீசில் கிளார்க். இரண்டே அறை. டீ போடுவதும் அவன்தான், ஆட்டக்காரர்களின் பாஸ்போர்ட்டை நகல் எடுத்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவன்தான். ஆசிப் மாடிப்படியில் போய் உட்கார்ந்து பேசினான்.

"ஏலே, மெயில் வந்திருக்கு. நீ வெளிய இருந்த நாளு அறுபத்து மூணாம்."

"இன்னைக்கு அம்பத்தேழுதாம்லே. நான் எண்ணிட்டுல்லா இருக்கேன்."

"ஏப்ரல்ல கம்பெனி மாறுனப்ப விசா மாத்தப் பக்கத்து நாட்டுக்குப் போனியே. ஆறு நாளு."

ஆசிப்புக்கு அந்த லாட்ஜ் ஞாபகம் வந்தது. ஒரு அறையில் ஒன்பது பேர், பேப்பர் வரும்வரை படுத்தே கிடந்தார்கள். தொழிலாளர் கேம்பில் யாரும் அதை லீவு என்று எண்ணுவதில்லை. ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தால்தான் லீவு.

"அது கம்பெனி அனுப்புனதுலே. சம்பளம் கூட போட்டானே."

"கம்பெனிக்கு அது டூட்டி. இவனுவளுக்கு பாஸ்போர்ட்டு சீல்தான் கணக்கு. மறுபடி முதல்லேருந்து மூணு வருசமாம்."

படியில் ஒரு கட்டெறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போனது. ஆசிப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தாம்லே ஸ்கேன் பண்ணுனேன்," என்றான் நாசர். "அந்த ஒரு தாள விட்டுட்டு அனுப்பிருக்கலாம். தெரிஞ்சா எனக்கு வேலை போயிரும். புள்ளைக்கு இப்பதான் காலேஜ் சேத்திருக்கேன்."

"நீ என்ன செய்வே, விடு."

"ஃப்ளைட்டு என்ன செய்யப் போற? ஃபோர்மேன்ட்ட பேசுனா இன்னும் பத்து நாளு தருவான்."

"பொறவு சொல்லுதேன்."

போனை வைத்தபிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மேலகரம் பக்கமிருந்து காற்று வந்தது. ஈரமில்லாத, சீசன் முடிந்த காற்று. அறுபது நாள் தாண்டி மூன்று நாள் ஆகிவிட்டது. மூன்று நாளாக ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வாப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏலே ஆசிப்," உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுக்குப் போகணும்லே."

போனான். கட்டிலைச் சுற்றவில்லை. வலப்பக்கம் நின்று குனிந்தான்.

"கிறுக்கனாலே நீ? நாளைக்குப் போறவன். அங்கன வா."

"இங்கனதான் நிக்கணுமாம் வாப்பா. பிடிங்க."

வாப்பா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் பூட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அந்தப் பெரிய கை மெதுவாக உயர்ந்து, மகனின் இடது தோளுக்கு ஒரு சாண் மேலே நின்றது. இறங்கவில்லை. ஆசிப் தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான்.