பஸ் ஏறிய இரண்டு விரல்கள்

12.9.1978, செவ்வாய். இன்று ஒரு பிசகு செய்தேன். மீனாம்பாள் வரைந்த அப்பாவின் கையில் மூன்றே விரல்கள். காலி இடத்தைச் சிவப்பு மையால் வளைத்து, 'இரண்டு குறைகிறது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். விசாரிக்கவில்லை.

ராஜவேலு பேனாவை மூடினான். மாலை ஓவிய வகுப்பு எடுக்கக் குடியாத்தம் வந்து மூன்று வாரம். யார் வரவில்லை, யார் பென்சிலைத் தொலைத்தார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருந்தது. விசைத்தறியில் சிக்கி மீனாம்பாளின் அப்பா சம்பந்தத்துக்கு இரண்டு விரல்கள் போனது தெருவுக்கே தெரியும், நோட்டில் இல்லை. வகுப்பு முடிந்தபின், மீனாம்பாள் பக்கத்தில் உட்காரும் சந்திராதான் சொன்னாள்.

"அன்னிலேர்ந்து மீனா அப்பா கையில துண்டச் சுத்தினே இருக்காரு சார். இவ கிட்டயே போவ மாட்டேன்றா. பயம்."

இனி அவள் பென்சிலைத் தொடுவாளா என்ற கவலையோடுதான் மறுநாள் வகுப்புக்குப் போனான்.

மீனாம்பாள் முன்வரிசையிலேயே இருந்தாள். அச்சுப் பிசகிய லுங்கி லேபிள் தாளின் பின்பக்கம்தான் அங்கே ஓவியத்தாள். நேற்றைய தாளை நீட்டினாள். சிவப்பு வளையத்துக்குச் சக்கரம் முளைத்திருந்தது. உள்ளே, கட்டம் போட்ட லுங்கி கட்டிய இரண்டு விரல்கள்.

"இன்னா மீனா இது?"

"பஸ்ஸு சார். ரெண்டும் அமிர்தி ஜூவுக்குப் போவுது, மான் பாக்க."

"டிக்கெட் எடுத்துச்சா?" என்றாள் சந்திரா.

"சுண்டுவெரலுக்கு அரை டிக்கெட்டு."

வகுப்பே சிரித்தது.

"கேக்காம எழுதிட்டேம்மா. தப்பு என்னுதுதான்" என்றான் ராஜவேலு.

"நீங்க சுழிக்கலைன்னா பஸ் ஏது சார்?"

மகளை அழைத்துப்போகச் சம்பந்தம் வாசலில் வந்து நின்றார். தாளை ஒளிப்பதா காட்டுவதா என்று ராஜவேலு யோசிப்பதற்குள் மீனாம்பாள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவருக்கு ஒரு கை தூரத்தில் சட்டென்று நின்று, தாளை மட்டும் நீட்டினாள். "பஸ்ஸுப்பா. சுண்டுவெரலுக்கு அரை டிக்கெட்டு" என்றாள்.

"அரை டிக்கெட்டா? கண்டக்டரு ஒத்துக்கினானா?" என்றார் சம்பந்தம்.

"மொதல்ல ஒத்துக்கல."

அவர் துண்டை அவிழ்த்தார். மீனாம்பாள் ஒருமுறை தரையைப் பார்த்தாள். பிறகு நெருங்கி, அந்தக் கையை இழுத்துத் தாளின்மேல் வைத்து, பென்சிலைச் சுற்றி ஓட்டினாள்.

"கட்டவெரலு ஜாஸ்தி குண்டு. நான்தான் ஒல்லியா போட்டுட்டேன்" என்றாள்.

13.9.1978, புதன். நாளை பத்து லேபிள் தாள் கூடுதலாக வாங்க வேண்டும். வீட்டில் ஒருவரின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்துவரச் சொல்ல வேண்டும். அது யாருடைய கை என்று முதலில் கேட்க வேண்டும்.