மூடிய விமானத் திடல்

பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் லோஷினி மேசையில் கல்லூரிப் பாடம் செய்துகொண்டிருந்தாள். மலேசியாவின் விமானத் தளங்களையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கி, பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி, வரைபடத்தில் புள்ளிகளாக வைக்க வேண்டுமாம்.

"ஜொகூர்ல செனாய் ஏர்போட் ஒண்ணுதானே? ஏன் இத்தனை புள்ளி?"

"பிளேன்லயே ஏறாதவரு ஏர்போட்ட எண்ணுறாரு லா! தோட்டத்துல மருந்தடிக்கிற குட்டி பிளேன் இறங்குற எடமும் இருக்குப்பா. சாம்பல் கலரெல்லாம் மூடினது. அத எடுத்துருவேன்."

காஹாங் பக்கம் ஒரு சாம்பல் புள்ளி. பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாங்கள் முன்பு குடியிருந்து வேலை செய்த தோட்டம்.

"எடுக்காதம்மா" என்றேன். என் குரலைக் கேட்டு என் மனைவி கஸ்தூரி ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

லோஷினிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன். பேர் வைக்கும் முன்பே போய்விட்டான். இடுகாட்டில் மழைத் தண்ணீர் நின்றதால், நான் புல் வெட்டிக்கொண்டிருந்த விமானத் திடலின் கிழக்குக் கோடியில், காற்றின் திசை காட்டும் பை கட்டிய கம்பத்தடியில் புதைத்தோம். பிறகு தோட்டம் கைமாறியது. எங்களைக் கிளப்பிவிட்டு, திடலிலும் எண்ணெய்க்காகச் செம்பனை மரங்களை நட்டார்கள். போய்த் தேடியிருக்கிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். லோஷினியின் கைப்பேசி காட்டிய புள்ளியிலிருந்து சூரியன் உதிக்கிற பக்கமாக நடந்தோம். கஸ்தூரி முன்னால் போனாள். ஒரு மரத்தடியில் சட்டென்று உட்கார்ந்து காய்ந்த மட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்தாள்.

லோஷினி என் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, இப்பத்தான் பாத்தேன். மத்த ஏர்போட்டுக்கெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையில தசமத்துக்குப் பின்னால ஆறு நம்பர் இருக்கு. இதுக்கு ரெண்டுதான். யாரோ குத்துமதிப்பா போட்டுருக்காங்க. ஒரு கிலோமீட்டர்கூட தள்ளியிருக்கலாம். அம்மாகிட்ட சொல்லட்டா?"

அவள் சொல்லும் முன்பே என் கால்களுக்குத் தெரிந்திருந்தது. திடல் சிமெண்டுத் தரை மாதிரி சமமாக இருக்கும். இங்கே சரிவில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க, கம்பம் இங்கதானே நின்னுச்சு?"

லோஷினி என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன்.

கஸ்தூரி பையிலிருந்து பால் பாட்டிலை எடுத்து, மண்ணைக் கையால் தடவிவிட்டு ஊற்றினாள். பால் அங்கே நிற்கவில்லை. அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, சருகுகளுக்கு அடியில் நுழைந்து, கீழே வாய்க்காலை நோக்கி ஓடியது. அவள் இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அணை கட்டினாள்.