ஆண்பூ பறித்த கை

கீழ்வானத்தில் செம்மை முற்றப் படர்வதற்கு முன்னே, இருளும் விடியலும் ஒன்றுக்கொன்று இடம்விட மனமின்றி நின்ற கோடைத் தொடக்கத்துச் சிறுபொழுது அது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் அவிய, பால்வண்டிகள் கல் பாவிய வீதியில் கடகடவென்று உருள, தொழிற்கூடத்தின் முதற்சங்கு ஊதி உறங்குவாரை உலுக்கி எழுப்ப, ஒட்டி ஒட்டி நின்ற ஓட்டு வீடுகள் சாளரம் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. அந்நகரின் தெருவொன்றின் கடைக்கோடியில், ஆளுயரத்துக்கு மேலெழுந்த மதில் நாற்புறமும் வளைத்து நின்ற வீட்டின் பின்னே, நாற்பதடி நீளமும் இருபதடி அகலமும் உடைய காய்கறித் தோட்டமொன்று பனிநீர் சொட்ட நின்றது. வடமதிலை ஒட்டி மிளகாய்ச் செடிகள் பச்சையும் சிவப்புமாய்க் காய்த்துத் தலை தொங்கின. நடுவே மூங்கிற் பந்தலில் அவரை ஏறி ஊதாப் பூவைக் கொத்துக் கொத்தாய் வாரி இறைத்திருந்தது. வெயில் குறைவின்றி விழும் தென்புறத்தில், ஒற்றை வரப்பின் இருமருங்கும் இரண்டு பாத்திகளில் தர்ப்பூசணிக் கொடிகள் நெளிந்து ஓடின. படிக்கும் பெருந்தகையீர், நாம் சொல்லவந்த கதை அந்த ஒற்றை வரப்பின் இருபுறத்திலும் நடந்து முடிந்தது.

அவ்வீட்டின் தலைவர், வாழ்நாளெல்லாம் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பிறருடைய கடிகாரங்களைப் பழுதுபார்த்து, தம் நேரம் முடிவதை மட்டும் பழுதுபார்க்க இயலாமற் படுக்கையில் விழுந்தவர். தொண்டையில் வந்த நோய் முதலில் குரலை அரித்து, பின்னர் நாவின் சுவையையும் தின்றுவிட்டது. பாலும் கஞ்சியும் அவருக்குச் சாம்பலாயின. மனைவி இறந்து நான்காண்டு ஆகியிருந்தது. மைந்தர் இருவரும் தொலைநிலத்தில் பாலம் கட்டும் பணியில் இருந்தமையால், வீட்டில் அவரோடு இருந்தவர்கள் மருமகள்மார் இருவரே.

மூத்தவள் தொழிலாளர் விடுதியொன்றின் சமையற்கூடத்தைக் கட்டி ஆள்பவள். இருநூறு தட்டுக்கு நாள்தோறும் உலை வைக்கும் அவளை, அவள்கீழ்ப் பணிசெய்யும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் ‘கொதிகலன்’ என்று அழைத்துச் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சிரித்தவள் எவளும் மறுநாள் அங்கே இருந்ததில்லை. தாய்முகம் தந்தைமுகம் அறியாது வளர்ந்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இவ்வீட்டில் அடியெடுத்து வைத்த நாளில், “சாப்பிட்டியாம்மா?” என்று தன்னைக் கேட்ட முதல் மனிதர் இந்த மாமனாரே என்பதை அவள் ஒருநாளும் மறந்தாளில்லை. அவர் வாயிலிருந்து வரும் ‘நல்லா இருக்கும்மா’ என்னும் ஒரு சொல்லுக்காகவே, இருட்டோடு எழுந்து வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் அந்த உழைப்பாளி, திரும்பியபின் மண்வெட்டியும் எடுத்தாள். அந்தத் தோட்டம் அவள் கையால் எழுந்தது.

இளையவளோ வந்து ஓராண்டு ஆகாதவள். உடுப்புகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மண்ணைத் தொட்டறியாதவள், பகலெல்லாம் கட்டிலருகே ஊசியும் நூலுமாய் அமர்ந்து முதியவரோடு பேசிச் சிரித்து, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, நாளடைவில் அவருக்குக் கண்ணின் மணியாகிவிட்டாள். ‘சின்னவ சொன்னா, சின்னவ செஞ்சா’ என்று மாமனார் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடக் கொண்டாட, மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பகலில் அருகிருப்பவளுக்குச் சொல்லெல்லாம் போய்விடுகிறது. உழைத்துக் களைத்து மாலையில் வருபவளுக்கு எஞ்சுவது இருமலே.

இந்நிலையில் ஒருநாள், மருத்துவர் ‘கோடை கடப்பது அரிது’ என்று காதோடு சொல்லிப்போன மறுநாள், முதியவர் இருவரையும் அழைத்து, கடிகாரத் திருகாணிகள் இட்டுவைக்கும் விரல்நுனியளவுக் குப்பியொன்றைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்தார். அதனுள் ஆறு கருவிதைகள் கிடந்தன. அவர் மனைவி ஆண்டுதோறும் எடுத்து வைத்த தர்ப்பூசணியின் கடைசி விதைகள் அவை.

“இதுல ஒரு பழம் சாப்பிட்டா எனக்கு ருசி திரும்பும்னு தோணுது,” என்றார், கரகரத்த குரலில். “ஆளுக்கு மூணு போடுங்க. எவ பாத்தியில முதல்ல பழுக்குதோ, அதை வெட்டிக் குடுங்க. விதையைத் திரும்பக் குப்பியில போட்டு வைங்க. வேற எதுவும் வேண்டாம்மா.”

ஆளுக்கு மூன்று! பதினைந்தாண்டு மண்ணோடு மண்ணாய்க் கிடந்தவளுக்கும் மூன்று, மண்வெட்டியின் பிடி எது என்று அறியாதவளுக்கும் மூன்று! அன்றே மூத்தவள் உறுதிகொண்டாள்: அவர் உண்ணும் பழம் தன் பாத்தியில் விளைந்ததாய் இருக்கவேண்டும்; அவர் சொல்லும் கடைசி நற்சொல் தனக்கே உரியதாய் இருக்கவேண்டும்.

கொடிகள் ஓடி முதற்பூக்கள் மஞ்சளாய் விரிந்த ஒரு மாலையில், இளையவள் வரப்பில் குந்தியமர்ந்து கேட்டாள்: “அக்கா, சில பூவுக்கு அடியில குண்டுமணி மாதிரி ஒண்ணு இருக்கு. மத்ததுக்கெல்லாம் வெறும் காம்புதான். ஏன்க்கா?”

தோட்டக்கலை அறிந்தார்க்கு இதன் விடை தெரியும். அடியில் மணி உடையது பெண்பூ. வெறுங்காம்பில் நிற்பது ஆண்பூ. காலையில் இரண்டும் விரிய, ஆண்பூவின் தாதைத் தேனீ சுமந்து சென்று பெண்பூவில் உதிர்த்தாலன்றி அந்த மணி பருக்காது, மஞ்சளித்து உதிர்ந்துவிடும். மிளகாய்க்கும் அவரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒரே பூவுக்குள் இரண்டும் அடங்கியிருப்பதால் யார் உதவியுமின்றி அவை தாமே காய்க்கும். மூத்தவள் இவையனைத்தும் அறிந்தவள். தன் பாத்தித் தாதைத் தேனீ வரப்பு கடந்து கொண்டுசென்றாலும் ஓரகத்தியின் பாத்தியில் ஒன்றிரண்டே தேறும் என்பது அவள் கணக்கு. அறிந்தே வாய் திறந்தாள்.

“குண்டு இருக்கிற பூதான் காய்க்கும். மத்ததெல்லாம் வெட்டிப் பூ, சத்தை உறிஞ்சிக் குடிச்சிடும். விடிஞ்சதும் அது மலர்றதுக்கு முன்னாடி கிள்ளிப் போட்டுடணும்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம. ஒண்ணு தப்பினாலும் கொடி வீணாப் போயிடும்.”

“ஐயோ, நல்லவேளை கேட்டேன்க்கா! இல்லாட்டி மாமாவுக்குப் பழமே இல்லாமப் போயிருக்கும்,” என்று அந்தப் பேதை மூத்தவளின் மண்படிந்த கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூத்தவள் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் மாலைதோறும் வேலையிலிருந்து திரும்பியவள், முகங்கூடக் கழுவாமல் நேரே தோட்டத்துக்கு நடப்பாள். நடந்தவள், தன் பாத்தியைப் பாராமல் முதலில் ஓரகத்தியின் பாத்தியைத்தான் பார்ப்பாள். அங்கே மணிகள் மஞ்சளித்து உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து எண்ணுவாள். நேற்று நான்கு, இன்று ஏழு என்று எண்ண எண்ண, பசித்தவன் வயிற்றில் சோறு விழுந்தாற்போல் அவளுக்கு இருக்கும். தன் பாத்தியிலும் மணிகள் உதிரத்தான் செய்தன. ‘முதற்பிஞ்சு நிற்காது, வெயிலும் கடுமை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்பால் நகர்வாள். அடுத்தவள் கெடுவதைப் பார்க்கும் ஆசை தன் கொடியைப் பார்க்கும் கண்ணை மறைத்துவிட்டது. மிளகாயும் அவரையும் கூடை கூடையாய்க் காய்த்தன. சமைத்துத் தின்ன ஆளில்லாமல் அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

இருபத்தைந்து நாட்கள் இவ்வாறு சென்றன. விடுமுறை நாளொன்றில், நெடுநேரம் உறங்கி எழுந்து, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே சென்ற மூத்தவளைப் பார்த்து முதியவர் முகம் மலர்ந்தார்.

“இந்த வருஷம் காய்ச்சுக் கொட்டப் போகுது பாரு.”

“எப்படி மாமா சொல்றீங்க?”

“நான்தான் இந்த ஜன்னல் வழியா தினமும் பாக்கறேனே. விடிஞ்சதும் சின்னவ வந்துடறா. ஆண்பூவைப் பறிச்சுப் பறிச்சுப் பெண்பூவுல வெக்கிறா. உங்க அத்தை அப்படித்தான் செய்வா. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ! அவ பாத்தியை முடிச்சிட்டு உன் பாத்தியிலயும் உக்காந்து ஒண்ணு விடாமப் பறிக்கிறா. தங்கமான பொண்ணு.”

கிண்ணம் சாய்ந்து கஞ்சி விரிப்பில் வழிந்தது. உன் பாத்தியிலும்! ஒன்று விடாமல்! பார்வை மங்கிய முதியவர் பறிக்கும் கையைக் கண்டார். வைக்கும் கையைத் தாமே நினைத்துக்கொண்டார். மூத்தவளுக்கோ, தான் விதைத்த சொல் வரப்பைத் தாண்டி வந்து தன் கொடியைக் கருக்கியது பட்டப்பகல்போல் விளங்கிற்று.

தோட்டத்துக்கு ஓடினாள். இளையவள் மடிநிறையப் பூவோடு வரப்பிலிருந்து எழுந்தாள்.

“என் பாத்தியில எதுக்குடி கை வெச்ச?”

“நீங்க இருட்டோட கிளம்பிடறீங்க. உங்களுக்கு எங்கக்கா நேரம்? அதான் உங்களதையும் சேர்த்து நானே கிள்ளிடறேன்,” என்றவள், மூத்தவள் முகத்தைக் கண்டு வெலவெலத்து, “தப்பாக் கிள்ளிட்டேனாக்கா?” என்றாள்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு வாய்மொழி போதும். ‘நான் சொன்னது பொய், இனிப் பறிக்காதே’ என்ற ஒன்றே போதும். இரண்டு பாத்தியும் அன்றே பிழைத்திருக்கும். அச்சொல் மூத்தவளின் நாவில் வந்து நின்றதும் உண்மை. ஆனால் சொன்னால் இவள் மாமனாரிடம் ஓடுவாள். பதினைந்தாண்டு தேடிய நற்பெயர் ஒரே மூச்சில் மண்ணாகும். வந்த சொல்லை விழுங்கினாள்.

“இனிமே என் பாத்திப் பக்கம் வராத. உன்னோடதைப் பாரு. வழக்கம்போலக் கிள்ளு.”

இளையவள் தலையாட்டினாள். மறுநாளும் கிள்ளினாள். மூத்தவளோ வேலைக்குச் செல்லாமல் விடியலில் எழுந்து, தன் கொடியில் மலர்ந்த ஆண்பூவொன்றைப் பறித்து, எஞ்சிய பெண்பூ ஒன்றில் தடவினாள். கொடி அதற்குள் களைத்திருந்தது. அந்த ஒன்றே பிடித்தது. பிறகு ஒன்றும் பிடிக்கவில்லை.

பிஞ்சு பிடித்ததிலிருந்து தர்ப்பூசணி முற்றிப் பழுக்க முப்பத்தைந்து நாளாவது வேண்டும். இருபதாம் நாளே முதியவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. “பழுத்துடுச்சாம்மா?” என்று காலையில் கேட்டவர், உச்சிப்பொழுதில் கேட்டார், மாலையிலும் கேட்டார். இருபத்து மூன்றாம் நாள் மருத்துவர் உதட்டைப் பிதுக்கியதும், மூத்தவள் கத்தியோடு தோட்டத்துக்குப் போய், தட்டினால் இன்னும் கெட்டியாய் ஒலித்த அந்தக் காயை அறுத்துக்கொண்டு வந்தாள். பிளந்தபோது உள்ளே வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் இளஞ்சிவப்பு ஒரு கீற்று ஓடியது. விதைகள் பாற்பல்போல் வெண்மையாய்க் கிடந்தன.

அந்தக் கீற்றைச் சுரண்டிக் கரண்டியால் ஊட்டினாள். முதியவர் நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். சப்பென்று இருந்திருக்கும், சுவை செத்த நாவுக்கு அதுவும் தெரிந்திராது. ஆயினும் அவர் கண்ணில் நீர் திரண்டது.

“இனிக்குது,” என்றார். மூத்தவள் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். அவர் கை மெல்ல எழுந்து, அவளைக் கடந்து, கால்மாட்டில் நின்ற இளையவளைத் தேடியது. “சின்னவ கை பட்டதுல்ல! அதான் இந்த இனிப்பு.”

“அக்கா பாத்தியில காய்ச்சது மாமா இது,” என்றாள் இளையவள், விம்மியபடி.

“யார் பாத்தியா இருந்தா என்ன? தினமும் பூவை எடுத்து வெச்சது நீதானே.”

“வெச்சேனா? இல்ல மாமா, நான் கிள்ளித்தானே...”

“அவரைப் பேச விடாதடி! தொண்டை வலிக்கும்,” என்று மூத்தவள் சீறினாள். முதியவர் விதையைக் காட்டிக் குப்பியைக் காட்டினார். மறுநாள் விடியலில் அவர் மூச்சு நின்றது. ‘நல்லா இருக்கும்மா’ என்னும் சொல் மூத்தவளுக்கு வரவேயில்லை.

மைந்தர் வந்து ஈமக்கடன் முடித்துத் திரும்பி, வீடு ஓய்ந்தபின், இளையவள் ஒருநாள் கேட்டாள்: “மாமா கடைசியா, ‘பூவை எடுத்து வெச்ச’ன்னு சொன்னாரே, அது என்னக்கா?”

“உளறினாரு. சாகப்போறப்ப அப்படித்தான் ஏதாவது உளறுவாங்க.”

“என் பாத்தியில மட்டும் ஒண்ணுகூட நிக்கலையே அக்கா. நீங்க சொன்னபடியேதான் செஞ்சேன். என் கையே ராசியில்லாத கை போல.”

மூத்தவள் அவரையை நறுக்கிக்கொண்டே இருந்தாள். “எல்லார் கையும் ஒண்ணா இருக்குமா?” என்றாள்.

அடுத்த கோடை வந்தது. குப்பியிலிருந்த வெண்விதைகளை இளையவள் எடுத்தாள். தன் கையால் இட்டால் முளைக்காது என்று அஞ்சி, மூத்தவளின் கையில் கொடுத்து, அவள் பாத்தியிலேயே ஊன்றச் சொன்னாள். முற்றாத விதை முளைக்காது என்பதை மூத்தவள் அறிவாள். வாங்கி ஊன்றினாள். “தண்ணி மட்டும் நான் ஊத்தட்டுமாக்கா? கை படாம ஊத்தறேன்,” என்று இளையவள் கெஞ்ச, “ஊத்து” என்றாள். ஒரு திங்கள் முழுதும், விடிந்ததும் ஒரு குடம், பொழுது சாய்ந்ததும் ஒரு குடம் என்று அவள் அந்த வெறும் மண்ணுக்கு நீர் சுமந்தாள். மண் குழைந்து, காய்ந்து, வெடித்து, மீண்டும் குழைந்தது. ஒரு பச்சையும் தலைகாட்டவில்லை; அவளும் நீர் சுமப்பதை நிறுத்தவில்லை. பந்தலில் அவரையும் மதிலோரம் மிளகாயும் ஒருவர் தயவுமின்றிக் காய்த்துக் குலுங்கின.

பிறரைக் கெடுத்தவர்க்கு அழிவு வந்தே தீரும் என்று சொல்லி உங்களைத் தேற்றி அனுப்ப எமக்கும் விருப்பமே. ஆனால் நடந்தது அதுவன்று. மூத்தவள் இன்றும் இருநூறு தட்டுக்கு உலை வைக்கிறாள், நலமாகவே இருக்கிறாள். மாலையில் திரும்பி வந்து தோட்டத்து வாயிலில் நிற்கையில் மட்டும், ஓரகத்தி குடத்தைச் சாய்த்து, மண்மேல் விரல் படாமல் கையை மடக்கிக்கொண்டு நீர் வார்ப்பதை அவள் பார்க்க நேர்கிறது. பார்த்துவிட்டு, அவரை பறிக்கப் பந்தலுக்கு நடக்கிறாள்.